சொரியாசிஸ் அரிப்பு: ராத்திரி தூக்கமே இல்லை, நீங்கள் என்ன செய்கிறீர்கள்?

வைகைக்கரை

எல்லோருக்கும் வணக்கம். எனக்குச் சொரியாசிஸ் வந்து சில வருடங்கள் ஆகின்றன. முழங்கை, முழங்கால், முதுகின் அடிப்பகுதி, தலை என்று நான்கு இடங்களில் திட்டுத் திட்டாக இருக்கிறது. ஜவுளிக்கடையில் வேலை. பகலில் ஆள் வந்துகொண்டே இருப்பதால் அரிப்பை ஓரளவு மறந்துவிடுகிறேன். படுத்தால்தான் ஆரம்பிக்கிறது. பத்து மணிக்குப் படுத்தால் ஒரு மணி வரை சொறிந்துகொண்டே கிடக்கிறேன். காலையில் போர்வை முழுக்கச் செதில், அங்கங்கே ரத்தப் பொட்டு. பக்கத்தில் படுத்திருக்கும் மனைவிக்கும் தூக்கம் போகிறது.

டாக்டர் க்ளோபிட்டசால் களிம்பும் ராத்திரிக்கு ஒரு செட்டிரிசின் மாத்திரையும் கொடுத்திருக்கிறார். களிம்பு போட்டால் திட்டு அடங்குகிறது, நிறுத்தினால் திரும்ப வருகிறது. மாத்திரையால் அரிப்பு குறைந்ததாகவே தெரியவில்லை. வேரோடு தீர்க்கிற மருந்தை நான் கேட்கவில்லை. அப்படி ஒன்று இப்போதைக்கு இல்லை என்று டாக்டரே தெளிவாகச் சொல்லிவிட்டார். இந்த அரிப்பை மட்டும் எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பொன்னி_அரிசி

அண்ணே, அது சொரியாசிஸ்தான் என்று உறுதியா? என் மச்சானுக்கு ரெண்டு வருடம் படர்தாமரை என்று நினைத்து களிம்பு போட்டுக்கொண்டிருந்தோம், கடைசியில் சொரியாசிஸ் என்றார்கள். தலைகீழாகவும் நடக்கும்.

வைகைக்கரை

உறுதிதான். தோல் மருத்துவர் சுரண்டி எடுத்துப் பூஞ்சை இல்லை என்று பார்த்துவிட்டார். நகத்திலும் ஊசியால் குத்தியது போலச் சின்னச் சின்னக் குழிகள் இருக்கின்றன, அதையும் காட்டிச் சொன்னார்.

கொங்குமலர்

வணக்கங்க. நான் பள்ளி ஆசிரியை. இருபது வருடத்துக்கு மேலாக இந்த நோயோடு இருக்கிறேன். நீங்கள் எழுதியதில் ஒரு விஷயம் இல்லவே இல்லை, அதனால்தான் உடனே எழுத உட்கார்ந்தேன். களிம்பு இருக்கிறது, மாத்திரை இருக்கிறது. தோலுக்கு ஈரம் எங்கே?

சாதாரணத் தோலில் அடியில் பிறக்கும் செல் மேலே வந்து உதிர ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். நமக்கு மூன்று முதல் ஐந்து நாளில் மேலே வந்துவிடுகிறது. அது முழுதாக முதிராத செல். அதனால் தோல், சுண்ணாம்புச் சாந்து இல்லாமல் அடுக்கிய செங்கல் சுவர் மாதிரி ஆகிவிடுகிறது. உள்ளே இருக்கும் நீர் வெளியே போய்க்கொண்டே இருக்கும். காய்ந்தால் வெடிக்கும், வெடித்தால் அரிக்கும், சொறிந்தால் இன்னும் வெடிக்கும். இந்தச் சுற்றை எங்காவது ஓரிடத்தில் உடைக்க வேண்டும். அதற்கு மிகச் சுலபமான இடம் குளியலறை.

நான் செய்வதைச் சொல்கிறேன். வெந்நீர் கிடையாது. சூடான தண்ணீர் பட்டதும் அரிப்பு அடங்கி சுகமாகத்தான் இருக்கும், ஆனால் அடுத்த அரைமணியில் இரண்டு மடங்காகத் திரும்பும். குளிர் போகிற அளவுக்கு மட்டும் வெதுவெதுப்பாக வைத்துக்கொள்கிறேன். பத்து நிமிடத்துக்கு மேல் தண்ணீரில் நிற்பதில்லை. சோப்பு அக்குள், பாதம் போன்ற இடங்களுக்கு மட்டும். திட்டு இருக்கும் இடத்தில் சோப்போ, சீயக்காயோ, தேங்காய் நாரோ, பீர்க்கங்கூடோ படவே கூடாது. எங்கள் வீட்டில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர், நல்ல உப்பு. கடைசியாக ஒரு சொம்பு நல்ல தண்ணீர் ஊற்றிக்கொள்வேன்.

முக்கியமானது இனிமேல்தான். துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். உடம்பு லேசாக ஈரமாக இருக்கும்போதே, இரண்டு மூன்று நிமிடத்துக்குள், எண்ணெய்ப் பசையுள்ள ஏதாவது ஒன்றைப் பூசிவிடுங்கள். விலை அதிகமான லோஷன் வேண்டியதில்லை. மருந்துக்கடையில் கிடைக்கும் வாசனை சேர்க்காத வெள்ளைப் பெட்ரோலியம் ஜெல்லி போதும். பிசுபிசுப்பு பிடிக்கவில்லை என்றால் செக்குத் தேங்காய் எண்ணெய். சும்மா தொட்டு வைப்பது போதாது, தோல் பளபளப்பாகத் தெரிகிற அளவுக்குப் போட வேண்டும், முடி வளர்ந்திருக்கும் திசையில். காலையில் ஒருமுறை, படுக்கும் முன் ஒருமுறை, நடுவில் எப்போது இழுத்துப் பிடித்தாலும் ஒருமுறை. கடையில் வேலை செய்கிறவர், ஒரு சின்ன டப்பாவைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

வைகைக்கரை

அக்கா, ரொம்ப நன்றி. ஈரப்பசை பற்றி எனக்கு யாருமே இவ்வளவு சொல்லவில்லை. ராத்திரிக்கென்று தனியாக ஏதாவது உண்டா?

கொங்குமலர்

ராத்திரியில் அரிப்பு கூடுவது உங்கள் கற்பனை இல்லை. படுக்கையில் உடம்புச் சூடு ஏறுகிறது, தோலிலிருந்து நீர் போவதும் அதிகம், மனதைத் திருப்ப வேறு வேலையும் இல்லை. அதனால் படுக்கும் அறை குளிர்ச்சியாக இருக்கட்டும். பருத்தி விரிப்பு, பருத்தி வேட்டி. கம்பளி வேண்டாம், பாலியஸ்டர் வேண்டாம். நகத்தை ஒட்ட வெட்டி, அரத்தால் மழுக்கிவிடுங்கள். தூக்கத்தில் சொறிகிறவர்கள் மெல்லிய பருத்திக் கையுறை போட்டுக்கொள்ளலாம்.

அரிப்பு கிளம்பினால் சொறிவதற்குப் பதில் ஈரத்துணியை அந்த இடத்தில் ஐந்து, பத்து நிமிடம் வையுங்கள். ஐஸ் என்றால் துணியில் சுற்றித்தான், நேராக வைத்தால் தோல் புண்ணாகும். குளிர்ச்சிக்கு அரிப்பை மறக்கடிக்கும் குணம் உண்டு. பெட்ரோலியம் ஜெல்லி டப்பாவை ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்துப் பூசினால் இரண்டு வேலையும் சேர்ந்து நடக்கும். கையை வைத்து அழுத்துவதும் தட்டுவதும் பரவாயில்லை, நகம் மட்டும் கூடாது.

ஒரு எச்சரிக்கை. பெட்ரோலியம் ஜெல்லியும் பாரஃபின் கலந்த களிம்புகளும் துணியில் ஊறி ஊறிக் காய்ந்திருந்தால் அந்தத் துணி சட்டென்று தீப்பிடிக்கும். சேலையோ வேட்டியோ அப்படி ஊறியிருக்கும்போது காஸ் அடுப்புக்கும் குத்துவிளக்குக்கும் பக்கத்தில் போகாதீர்கள். துவைத்தாலும் முழுதாகப் போகாது. சமைக்கிறவர்கள் இதைக் கட்டாயம் நினைவில் வைக்க வேண்டும்.

மருந்துக்கடை_தெற்குவீதி

நான் பதிவு பெற்ற மருந்தாளுநர். செட்டிரிசின் பற்றி ஒரு விளக்கம். ஊறல் தடிப்பில், கொசுக்கடியில் வரும் அரிப்புக்கு ஹிஸ்டமின் என்ற பொருள் காரணம். செட்டிரிசின் அதைத்தான் தடுக்கிறது. சொரியாசிஸ் அரிப்பில் ஹிஸ்டமினின் பங்கு குறைவு. எதிர்ப்பு மண்டலம் வெளியிடும் வேறு பொருட்களும், தோலில் இருக்கும் நரம்பு முனைகளும் சேர்ந்து கிளப்புகிற அரிப்பு இது. அதனால் செட்டிரிசின் பெரிதாக உதவாததில் வியப்பில்லை. ஹைட்ராக்ஸிசின் போன்ற தூக்கம் வரவழைக்கும் பழைய மாத்திரைகளைச் சில மருத்துவர்கள் தூக்கத்துக்காக மட்டும் கொடுப்பார்கள். மறுநாள் காலையிலும் மந்தமாக இருக்கும், வண்டி ஓட்டுகிறவர்கள் கவனிக்க வேண்டும்.

ஆக, அரிப்பு நிற்க வேண்டுமானால் அடியில் இருக்கும் அழற்சி அடங்க வேண்டும். அங்கேதான் உங்கள் களிம்பு வருகிறது. அதை எவ்வளவு போடுகிறீர்கள்? ஆள்காட்டி விரலின் கடைசி மடிப்பிலிருந்து நுனி வரை ஒரு கோடு பிதுக்கினால் ஏறக்குறைய அரை கிராம். அது இரண்டு உள்ளங்கை அளவு இடத்துக்குப் போதும். பயந்துகொண்டு புள்ளி புள்ளியாக வைக்கிறவர்களுக்கு மருந்து வேலை செய்யாது. அள்ளிப் பூசுகிறவர்களுக்குத் தோல் மெலிந்து, வரி வரியாகக் கீறல் விழும். க்ளோபிட்டசால், அழற்சியை அடக்கும் ஸ்டீராய்டு களிம்புகளிலேயே மிக வலுவான வகை. மருத்துவர் சொல்லாமல் இரண்டு வாரத்துக்கு மேல் தொடர்ந்து போடக் கூடாது, முகத்திலும் மடிப்புகளிலும் போடவே கூடாது.

சட்டென்று நிறுத்துவதால்தான் பலருக்குத் திரும்பிப் பாய்கிறது. அடங்கியதும் ஒருநாள் விட்டு ஒருநாள், பிறகு வாரக் கடைசி இரண்டு நாள் மட்டும் என்று இறக்குகிற முறை உண்டு. கால்சிபோட்ரையால் என்கிற வைட்டமின் டி வகைக் களிம்பைச் சேர்த்துக் கொடுத்து ஸ்டீராய்டைக் குறைக்கிற முறையும் உண்டு. எது உங்களுக்கு என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.

வைகைக்கரை

சார், களிம்பு முதலிலா, பெட்ரோலியம் ஜெல்லி முதலிலா?

மருந்துக்கடை_தெற்குவீதி

இரண்டுக்கும் நடுவில் இருபது, முப்பது நிமிட இடைவெளி விட்டால் எது முதலில் என்பது பெரிய பிரச்சினை இல்லை. ஒன்றின் மேல் ஒன்றை உடனே பூசினால் மருந்து நீர்த்துப் போகும், வேண்டாத இடத்துக்கும் பரவும்.

செதில் தடிமனாக இருந்தால் எந்தக் களிம்பும் உள்ளே இறங்காது. சாலிசிலிக் அமிலம் கலந்த களிம்பு செதிலை இளக்கும். ஆனால் அதையும் கால்சிபோட்ரையாலையும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் போட்டால் கால்சிபோட்ரையால் கெட்டுவிடும்.

இன்னொன்று, மனம் கனத்துச் சொல்கிறேன். ஸ்டீராய்டு, பூஞ்சைக் கொல்லி, ஆன்டிபயாட்டிக் மூன்றும் கலந்த ட்யூபை ஆட்கள் பெயர் சொல்லிக் கேட்டு வாங்குகிறார்கள். 2018ல் மத்திய அரசு ஸ்டீராய்டு களிம்புகளை மருந்துச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலுக்குள் கொண்டுவந்தது. அப்படியும் நிற்கவில்லை. தயவுசெய்து பக்கத்து வீட்டுக்காரர் போட்டது என்று வாங்காதீர்கள்.

சொரிமுத்து_பக்தன்

செதிலைப் பிய்த்து எடுத்தால் அரிப்பு நிற்கிறதே, அது தப்பா?

தோல்பிரிவு_செவிலி

தப்புதான் தம்பி. பிய்த்த இடத்தில் ஊசி முனை அளவுக்குப் பொட்டுப் பொட்டாக ரத்தம் வரும், பார்த்திருப்பீர்கள். செதிலுக்கு அடியில் ரத்த நாளங்கள் மேலேயே வந்து நிற்பதால் அப்படி. அந்த வழியாகக் கிருமி புகும். அதைவிட மோசம், சொரியாசிஸ் இருப்பவர்களுக்கு நல்ல தோலில் அடிபட்டாலும் கீறினாலும் அதே இடத்தில் புதுத் திட்டு கிளம்பலாம். 19ஆம் நூற்றாண்டிலேயே கோப்னர் என்ற ஜெர்மன் மருத்துவர் இதைக் கவனித்து எழுதினார், இன்றும் அவர் பெயரால்தான் அழைக்கிறோம். நகத்தால் கோடு இழுத்தால் அந்தக் கோட்டிலேயே வரிசையாகத் திட்டு வந்தவர்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன். பச்சை குத்திய கோட்டின் மேலேயே வந்தவர்களும் உண்டு. சொறிவதை நிறுத்தச் சொல்வது வெறும் புண்ணுக்குப் பயந்து அல்ல. சொறிவதே உங்கள் உடம்பில் திட்டைப் பெருக்கும்.

செதிலை எடுக்க வேண்டுமென்றால் எண்ணெயில் ஊறவையுங்கள். தலைக்கு ராத்திரி தேங்காய் எண்ணெயை வகிடு எடுத்து வகிடு எடுத்து வைத்து, பழைய துணியால் கட்டிக்கொண்டு படுங்கள். காலையில் மொட்டையான பல் உள்ள சீப்பால் மெதுவாகத் தள்ளினால் தானே கழன்று வரும். பிறகு நிலக்கரித் தார் கலந்த மருந்து ஷாம்பு போட்டு ஐந்து, பத்து நிமிடம் ஊறவிட்டு அலசுங்கள். நாற்றம் அடிக்கும், வெள்ளைத் தலையணையில் கறை படும். ஆனால் தலை அரிப்புக்கு அது நல்ல மருந்து.

தாமிரபரணித்_தண்ணீர்

யாரும் வெட்பாலையைச் சொல்லவில்லையே? சித்த மருத்துவத்தில் இந்த நோய்க்குக் காளாஞ்சகப்படை என்று பெயர், வெட்பாலைத் தைலம்தான் முதல் மருந்து. வெட்பாலை இலையைக் கிள்ளித் தேங்காய் எண்ணெயில் போட்டுச் சில நாள் வெயிலில் வைப்பார்கள். எண்ணெய் கருநீலமாக, ஊதா கலந்து மாறும். அதைப் பூசிக் காலை வெயிலில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுக் குளிக்க வேண்டும். நான் பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில்தான் காட்டுகிறேன். சென்னைப் பக்கம் இருப்பவர்களுக்குத் தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. எனக்குச் செதிலும் அரிப்பும் நன்றாகவே குறைந்திருக்கிறது. உள்ளுக்கும் மருந்து உண்டு, பத்தியமும் உண்டு: கத்தரிக்காய், கருவாடு, இறால், நண்டு, புளி கூடாது.

வேரோடு_குணம்

[இந்தப் பதிவு நீக்கப்பட்டது]

மட்டுறுத்துநர்

மேலே ஒருவர் மூன்று மாதத்தில் முழுக் குணம் என்று தொலைபேசி எண்ணோடு விளம்பரம் போட்டார், நீக்கிவிட்டேன். இந்த இழையில் மருந்து விற்பனை வேண்டாம். சித்த மருத்துவம், ஆங்கில மருத்துவம் இரண்டையும் பேசலாம், மரியாதையோடு.

மருந்துக்கடை_தெற்குவீதி

@தாமிரபரணித்_தண்ணீர் வெளிப்பூச்சாக வெட்பாலைத் தைலத்தில் எனக்கு மறுப்பில்லை. அதில் சேரும் தேங்காய் எண்ணெயே தோலுக்கு நல்லதுதான். நீங்கள் அரசு மருத்துவமனையில் பட்டம் பெற்றவரிடம் காட்டுகிறீர்கள், அதுவும் சரி. என் பயமெல்லாம் பெயர் ஒட்டாத பொட்டலத்தைப் பற்றித்தான். சூரணம் சாப்பிட்டதும் ஒரே வாரத்தில் எல்லாம் மறைந்தது என்றால் அதில் ஸ்டீராய்டு கலந்திருக்க வாய்ப்பு உண்டு. அதை நிறுத்தியதும் உடம்பு முழுக்கச் சிவந்து, சீழ்க் கொப்புளம் கிளம்பி, உயிருக்கே ஆபத்தாகலாம். ஸ்டீராய்டு ஊசியும் மாத்திரையும் சொரியாசிஸுக்குப் போடக் கூடாது என்று தோல் மருத்துவர்கள் சொல்வது இதனால்தான். சில ஊர்களில் அரிப்புக்கு ஒரு ஊசி என்று போட்டுவிடுகிறார்கள், அந்த ஊசி என்னவென்று கேட்காமல் கையை நீட்டாதீர்கள்.

தாமிரபரணித்_தண்ணீர்

ஒத்துக்கொள்கிறேன் ஐயா. லேபிளில் தயாரிப்பாளர் பெயர், உரிம எண், சேர்மானம் இல்லாத எதையும் எங்கள் மருத்துவரும் வேண்டாம் என்றுதான் சொல்வார். சித்த மருந்து சாப்பிடுகிறவர்கள் அதைத் தோல் மருத்துவரிடம் மறைக்கவும் வேண்டாம். ஈரல் சோதனை எல்லாம் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

பொன்னி_அரிசி

கத்தரிக்காய் விஷயம் உண்மையா? மச்சான் வருடக்கணக்கில் கத்தரிக்காயும் மீனும் தொடவே இல்லை. குறைந்த மாதிரி தெரியவில்லை.

தோல்பிரிவு_செவிலி

எல்லோருக்கும் பொதுவாக ஒரு காயை ஒதுக்கச் சொல்ல ஆதாரம் இல்லை. சாப்பிட்ட மறுநாள் உங்களுக்குக் கூடுகிறதா என்று எழுதிவைத்துப் பாருங்கள். கூடினால் விட்டுவிடுங்கள், இல்லையென்றால் நிம்மதியாகச் சாப்பிடுங்கள். மீனை ஏன் விட வேண்டும்? சத்தான உணவு அது. உறுதியாகச் சொல்லக்கூடியது வேறு. உடல் எடை அதிகமாக இருப்பவர்கள் எடையைக் குறைத்தால் நோய் தணிகிறது, மருந்தும் நன்றாக வேலை செய்கிறது. குடியும் புகையும் நோயைக் கூட்டும். கத்தரிக்காயை ஒதுக்கிவிட்டுச் சாயங்காலம் மது குடிக்கிறவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது.

ஸ்கார்பரோ_யாழ்ப்பாணத்தான்

நான் கனடாவில் இருக்கிறேன். ஊரில் இருந்தபோது வெயில் காலத்தில் வேர்வையால் அரிக்கும், இங்கே நேர் மாறு. குளிர்காலத்தில் வீட்டுக்குள் ஹீட்டர் போட்டால் காற்று முழுக்கக் காய்ந்துவிடும், தோல் பாளம் பாளமாக வெடிக்கும். அறைக்கு ஈரப்பதம் கூட்டுகிற கருவி வாங்கி வைத்த பிறகு ராத்திரி அரிப்பில் நல்ல வித்தியாசம். கம்பளிச் சட்டையை நேராகத் தோலில் படவிடாமல் உள்ளே பருத்தி பனியன் போடுகிறேன். ஊரில் ஏசி அறையில் வேலை செய்கிறவர்களுக்கும் இது பொருந்தும் என்று நினைக்கிறேன்.

கொங்குமலர்

பொருந்தும். வெயில் காலத்தில் வேர்வையோடு இருக்கவிடாமல் சாதாரணத் தண்ணீரில் ஒருமுறை உடம்பை நனைத்து ஒற்றிக்கொண்டு, கனமான ஜெல்லிக்குப் பதில் லேசான லோஷன் போடுங்கள். பசை கனமாக இருந்தால் அக்னி நட்சத்திரத்தில் வேர்க்குருவும் சேர்ந்துகொள்ளும். காலமின் லோஷன் குளிர்ச்சியாகத்தான் இருக்கும், ஆனால் காய்ந்ததும் தோலை இன்னும் வறட்டும். நமக்கு ஏற்றதில்லை.

அம்மாவின்_மகள்

என் அம்மாவுக்கு 63 வயது. திடீரென்று இந்த வருடம் அரிப்பும் திட்டும் ரொம்பக் கூடிவிட்டது. இதற்கு முன் ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை மாற்றினார்கள். அதற்கும் இதற்கும் தொடர்பு இருக்குமா? இப்போது சொரியாசிஸுக்கு மெதோட்ரெக்ஸேட் என்ற மாத்திரையை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். பயமாக இருக்கிறது.

மருந்துக்கடை_தெற்குவீதி

இருக்கலாம் அம்மா. ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் பீட்டா பிளாக்கர் வகை மாத்திரைகள், மனநலத்துக்குத் தரும் லித்தியம், மலேரியாவுக்குத் தரும் குளோரோகுயின் போன்றவை சிலருக்குச் சொரியாசிஸைக் கூட்டும். ஆனால் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். பீட்டா பிளாக்கரைச் சட்டென்று நிறுத்தினால் இதயத்துக்கு ஆபத்து. மாத்திரை அட்டையை எடுத்துக்கொண்டு போய் இரண்டு மருத்துவரிடமும் காட்டுங்கள். மாற்று மாத்திரைகள் நிறைய உண்டு.

மெதோட்ரெக்ஸேட் பற்றி நீங்கள் மனப்பாடமாக வைத்துக்கொள்ள வேண்டியது ஒன்று: வாரத்துக்கு ஒருநாள் மட்டும். தினமும் போடும் மாத்திரை என்று நினைத்துத் தொடர்ந்து போட்டு எலும்பு மஜ்ஜை பாதித்து இறந்தவர்கள் உண்டு. எந்தக் கிழமை என்று டாக்டரிடம் கேட்டு நாட்காட்டியில் வட்டம் போடுங்கள். மற்ற மாத்திரைகளோடு ஒரே டப்பாவில் வைக்காதீர்கள். கூடவே ஃபோலிக் அமிலம் தருவார்கள், அதை எந்த நாளில் என்றும் கேளுங்கள். ரத்தம், ஈரல், சிறுநீரகச் சோதனைகளைத் தவறவிடக் கூடாது. வலிக்கென்று கடையில் எந்த மாத்திரையும் தானாக வாங்க வேண்டாம். இவ்வளவையும் பின்பற்றினால் பல பேருக்கு நல்ல பலன் தருகிற, விலை குறைந்த பழைய மருந்து அது. பயம் வேண்டாம், கவனம் போதும்.

எழும்பூர்_ரயில்

ஒளிச் சிகிச்சையை யாராவது சொல்வார்கள் என்று காத்திருந்தேன். எனக்கு உடம்பில் நிறைய இடத்தில் இருந்ததால் களிம்பு போதாது என்று சொல்லி அரசு மருத்துவமனையில் இதற்கு அனுப்பினார்கள். ஆள் உயரத்துக்கு ஒரு பெட்டி, உள்ளே சுற்றிலும் குழல் விளக்குகள். கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி, மர்ம உறுப்புக்கு மறைப்பு. முதலில் சில நொடிகள்தான், போகப் போக நேரத்தைக் கூட்டுவார்கள். புற ஊதாக் கதிரில் 311 நானோமீட்டர் என்கிற குறுகிய பகுதியை மட்டும் பயன்படுத்துகிறார்களாம். வாரத்துக்கு இரண்டு மூன்று முறை போக வேண்டும்.

எனக்கு முதலில் போனது அரிப்புதான். திட்டு அப்படியே இருக்கும்போதே ராத்திரி தூங்க ஆரம்பித்தேன். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். கஷ்டம் என்னவென்றால் வேலை நாளில் போய்வர வேண்டும், அரைநாள் சம்பளம் போகிறது. முதலாளி ஒத்துக்கொள்ள டாக்டரிடம் கடிதம் வாங்கிக் கொடுத்தேன். பெட்டிக்குள் போகும் முன் சாலிசிலிக் களிம்போ கெட்டியான பசையோ பூசிக்கொண்டு போகாதீர்கள், கதிரைத் தடுத்துவிடும்.

சொரிமுத்து_பக்தன்

அப்படியென்றால் வெயிலில் நின்றாலே போதுமா?

தோல்பிரிவு_செவிலி

காலை வெயில் கொஞ்ச நேரம் நல்லதுதான், பலருக்குத் திட்டு தணியும். ஆனால் மதிய வெயிலில் நின்று தோல் சிவந்து எரிந்தால் அதுவும் ஒரு காயம். மேலே சொன்ன மாதிரி அந்த இடத்திலேயே புதுத் திட்டு வரும். பெட்டியில் அளவு பார்த்துக் கொடுக்கிறார்கள், வெயிலில் அந்த அளவு நம் கையில் இல்லை. ஒளிச் சிகிச்சையில் இருப்பவர்கள் தனியாக வெயில் காயவும் கூடாது.

கல்லூரி_விடுதி

என் வயது 20. தலையிலும் காதுக்குப் பின்னாலும் இருக்கிறது. போன வாரம் முடிவெட்டப் போன கடையில் கழுத்தைப் பார்த்துவிட்டு வேறு கடைக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். அறையில் நண்பர்கள் என் துண்டைத் தள்ளி வைக்கிறார்கள். பரீட்சை நெருங்க நெருங்க அரிப்பு தாங்க முடியவில்லை. இதை வீட்டிலும் சொல்ல முடியவில்லை, தங்கைக்கு வரன் பார்க்கிறார்கள்.

கொங்குமலர்

தம்பி, உன் பதிவைப் படித்ததும் மனசு கனத்துவிட்டது. முதலில் ஒன்று: இது ஒட்டுவதே இல்லை. துண்டால், சீப்பால், தட்டால், கட்டிப்பிடித்தால், கூடப் படுத்தால், எதனாலும் பரவாது. இது கிருமி நோயே இல்லை. உடம்பின் எதிர்ப்பு மண்டலம் தன் தோலையே தூண்டிவிடுகிற நோய். உன் அறை நண்பர்களில் நல்லவனாக ஒருவனைத் தோல் மருத்துவரிடம் துணைக்கு அழைத்துப் போ. அவர் வாயால் கேட்டால் மற்றவர்களிடம் அவனே சொல்வான். முடிவெட்டுகிறவருக்கும் டாக்டர் எழுதிய சீட்டைக் காட்டலாம். கூட்டமில்லாத நேரத்தில், உன்னைப் புரிந்துகொள்கிற ஒரே கடைக்குப் போ.

வீட்டில் சொல்லிவிடு. பரம்பரைத் தொடர்பு கொஞ்சம் உண்டு, ஆனால் குடும்பத்தில் ஒருவருக்கு இருப்பதால் எல்லோருக்கும் வந்துவிடாது. மறைத்து மறைத்து வைக்கும் பதற்றமே அரிப்பைக் கூட்டும். பரீட்சை நேரத்தில் கூடுவது எனக்கும் தெரியும், என் பள்ளியில் ஆய்வு வரும் வாரமெல்லாம் எனக்கு முழங்கை எரியும். படிக்கும் மேசையில் ஒரு ஈரத்துணி வைத்துக்கொள். கை தானாகத் தலைக்குப் போகும்போது அதை எடுத்து வை. தூக்கம் போய், சாப்பாடு பிடிக்காமல், வாழ்க்கையே வேண்டாம் என்று தோன்றினால் உடனே மனநல மருத்துவரையும் பார். அரசு மருத்துவமனையிலேயே இருக்கிறார்கள். தனிமடலில் எனக்கு எப்போது வேண்டுமானாலும் எழுது.

எழும்பூர்_ரயில்

தம்பி, நானும் பேசத் தயார். உன் வயதில்தான் எனக்கும் ஆரம்பித்தது. இப்போது கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள், இரண்டு பேருக்கும் தோலில் ஒன்றும் இல்லை.

வைகைக்கரை

நான் இழையைத் தொடங்கியவன். அக்கா சொன்ன மாதிரி குளித்த ஈரத்தோடு ஜெல்லி, ராத்திரி மறுபடியும். ஈரத்துணியைத் தலைமாட்டிலேயே வைத்திருக்கிறேன். அரிப்பு முழுதாகப் போகவில்லை, ஆனால் நடுராத்திரி எழுந்து உட்காருவது குறைந்திருக்கிறது. போர்வையில் ரத்தப் பொட்டு இல்லை. டாக்டரிடம் போய் களிம்பை எப்படி இறக்குவது என்று கேட்டேன். வாரக் கடைசி முறைக்கு மாற்றிக் கொடுத்து, நடுவில் கால்சிபோட்ரையால் எழுதியிருக்கிறார். காலையில் எழுந்ததும் விரல் மடக்க முடியாமல் அரைமணி நேரத்துக்கு மேல் விறைப்பாக இருக்கிறது என்று பேச்சுவாக்கில் சொன்னேன், உடனே மூட்டு மருத்துவரைப் பார்க்கச் சொல்லிவிட்டார். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

தோல்பிரிவு_செவிலி

நிறைய சம்பந்தம் இருக்கிறது அண்ணே, நல்ல வேளை சொன்னீர்கள். சொரியாசிஸ் இருப்பவர்களில் கணிசமானவர்களுக்கு மூட்டு வாதமும் சேர்ந்து வரும். நகத்தில் குழி இருப்பவர்களுக்கு வாய்ப்பு இன்னும் அதிகம். ஒரு விரல் முழுதும் வீங்குவது, குதிகால் வலி, காலை விறைப்பு இவையெல்லாம் அடையாளம். விட்டுவிட்டால் மூட்டு நிரந்தரமாகக் கோணிவிடும். சீக்கிரம் பார்த்தால் தடுக்கலாம், தள்ளிப் போடாதீர்கள். ஒருவேளை உள்மருந்து தேவைப்பட்டால் அது தோலுக்கும் சேர்த்து வேலை செய்யும், உங்கள் அரிப்பும் அதோடு அடங்க வாய்ப்பு உண்டு. அப்ரெமிலாஸ்ட் மாத்திரை இருக்கிறது. எதிர்ப்பு மண்டலத்தின் குறிப்பிட்ட பொருளை மட்டும் தடுக்கும் ஊசிகளும் இருக்கின்றன. அவற்றில் ஒன்றான அடாலிமுமாப் ஊசியின் இந்தியத் தயாரிப்பு 2014லேயே வந்துவிட்டது. விலை இன்னும் பல குடும்பங்களுக்கு எட்டாத உயரத்தில்தான் இருக்கிறது. அந்த ஊசிக்கு முன் காசநோய் இருக்கிறதா என்று கட்டாயம் சோதிப்பார்கள்.

எல்லோருக்கும் இன்னொன்று. தோல் முழுக்கச் சிவந்து, குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தாலோ, சீழ்க் கொப்புளங்கள் திடீரென்று பரவினாலோ, வீட்டில் எண்ணெய் போட்டுப் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

பெயர்_வேண்டாம்

கேட்கக் கூச்சமாக இருக்கிறது. எனக்கு அக்குள், மார்புக்கு அடியில், தொடை இடுக்கில்தான் அரிப்பு. செதில் இல்லை, சிவந்து வழவழப்பாக இருக்கிறது. க்ளோபிட்டசாலை அங்கே போடலாமா?

மருந்துக்கடை_தெற்குவீதி

கூச்சம் வேண்டாம் அம்மா. அங்கே க்ளோபிட்டசால் போடவே கூடாது. மடிப்பில் தோல் மெல்லியது, மருந்து பல மடங்கு உள்ளே போகும், சீக்கிரம் கிழிந்துவிடும். மடிப்பில் வரும் சொரியாசிஸுக்குச் செதில் இருக்காது, நீங்கள் சொல்வது அதுவாக இருக்கலாம். ஆனால் பூஞ்சையும் இதே மாதிரிதான் தெரியும், இரண்டும் சேர்ந்தும் இருக்கும். சுரண்டிப் பார்த்தால்தான் தெரியும். சொரியாசிஸ் என்று உறுதியானால் லேசான ஸ்டீராய்டைச் சில நாளுக்கோ, டாக்ரோலிமஸ் என்ற ஸ்டீராய்டு இல்லாத களிம்பையோ தருவார்கள். டாக்ரோலிமஸ் முதல் சில நாள் சுரீர் என்று எரியும், பிறகு பழகிவிடும். அதுவரை அந்த இடத்தைத் தண்ணீரில் மட்டும் கழுவி, ஒற்றி உலர்த்தி, தளர்வான பருத்தி உடை போடுங்கள். பெண் மருத்துவர் வேண்டுமென்றால் அரசு மருத்துவமனைத் தோல் பிரிவில் சீட்டு எடுக்கும்போதே கேளுங்கள்.